எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடம்

ஸ்காபரோ மண்டபங்களில் சனிக்கிழமை இரவென்றால் ஏதாவதொரு பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசன விருந்து இருக்கும். நானும் கரவெட்டியில் படிப்பித்தவள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை, கணினி என்று வந்து கேட்டால் மறுபேச்சில்லாமல் ரிக்கற் எடுப்பேன். செய்யவேண்டிய காரியம்தான். ஆனால் நாங்கள் குடியிருக்கும் வோபர்னில், வீதிக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் பள்ளிக்கூடத்துக்கு என்ன குறை என்று எங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கனடாப் பள்ளிக்கூடத்துக்கு என்ன குறை, எல்லாம் அரசாங்கம் பார்க்கும் என்ற நினைப்பு.

அரசாங்கம் பார்க்கிறது, முழுவதையும் பார்ப்பதில்லை. 2014இல் ரொறன்ரோ நகரசபை கூடுதல் கவனம் வேண்டிய 31 பகுதிகளைத் தெரிந்தெடுத்தபோது வோபர்னும் அந்தப் பட்டியலில் வந்தது. நகரின் பொதுக் கல்விச்சபையிடம் கற்றல் வாய்ப்புச் சுட்டெண் என்று ஒரு கணக்கு உண்டு. பிள்ளைகள் வாழும் இடத்தின் வருமானம், அரச உதவிப் பணத்தில் வாழும் குடும்பங்கள், பெரியவர்களின் படிப்பு, தனித்து வளர்க்கும் தாய் தகப்பன் எல்லாவற்றையும் பார்த்து, எந்தப் பள்ளிக்குச் சுமை கூட என்று வரிசைப்படுத்துவார்கள். 2006இல் இப்படிப்பட்ட பகுதிகளுக்கென்று மாதிரிப் பள்ளித் திட்டம் மூன்று பள்ளிகளில் தொடங்கியது. அதில் ஒன்று எங்கள் பக்கத்து வில்லோ பார்க் ஆரம்பப் பள்ளி. கண், காது சோதனை, காலை உணவு, பள்ளி முடிந்தபின் வகுப்பு, சில இடங்களில் பள்ளிக்குள்ளேயே பிள்ளை வைத்தியர் என்று திட்டம் பிறகு விரிந்தது. கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு ரியூசன் வைத்துப் பயனில்லை, முதலில் கண்ணாடி வேண்டும் என்பதை உணர்ந்தவர்கள் போட்ட திட்டம் அது.

இடைவெளி எங்கே வருகிறது என்றால், பெற்றோர் திரட்டும் பணத்தில். 1998 முதல் ஒன்ராறியோவில் கல்விக்கான பணத்தை மாகாணமே பங்கிடுகிறது. அதற்கு மேலே விளையாட்டுச் சாமான், கலைநிகழ்ச்சி, சுற்றுலா எல்லாம் பெரும்பாலும் பெற்றோர் சேர்க்கும் காசு. வசதியான பகுதியில் ஒரு மாலைக் கொண்டாட்டத்தில் சேரும் தொகையை, தகப்பன் இரவு வேலைக்கும் தாய் பகல் வேலைக்கும் ஓடும் தொடர்மாடிக் குடும்பங்களால் சேர்க்க முடியுமா?

நான் கிழமையில் சில காலைகள் ஒரு பள்ளியில் தோடம்பழம் நறுக்கி, பாணும் சீஸும் பெட்டியில் அடுக்கி வகுப்புகளுக்கு அனுப்புகிறேன். வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் கொடுப்பார்கள்; ஏழைப் பிள்ளை தனி வரிசையில் நிற்பதில்லை. இந்த ஏற்பாட்டை நினைத்தவருக்குக் கும்பிடு போடலாம். 2024இல் மத்திய அரசு பள்ளி உணவுக்கென 5 ஆண்டுகளில் 100 கோடி டொலர் தருவதாக அறிவித்தது. நல்லதுதான். ஆனாலும் பழத்தை நறுக்க ஆள் வேண்டும்.

அந்தப் பள்ளியில்தான் ஒன்றைக் கவனித்தேன். மிருகக்காட்சிசாலைக்குப் போகும் நாளன்று ஒருசில பிள்ளைகளுக்கு வயிற்றுக்குத்து வந்துவிடும். மிருகக்காட்சிசாலை இருப்பதும் இதே ஸ்காபரோவில்தான். ஒரு தாயை லிப்ரில் கண்டு மெல்லக் கேட்டேன். "இருபது டொலர்தானே எண்டு சொல்லுவினம், ரீச்சர். மூண்டு பிள்ளையளுக்கு அறுபது. ஒபிசில போய் இல்லையெண்டு சொல்ல வாய் வருகுதில்லை" என்றார். சொன்னால் பள்ளி ஏதாவது ஒழுங்கு செய்யும். ஆனால் எங்கள் சனம் பட்டினி கிடந்தாலும் சொல்லாது. ஆகவே கேட்காமலே கட்டணத்தை அடைக்கும் ஒரு சிறு நிதி பள்ளியில் இருந்தால், அதுதான் நூறு மேடைப் பேச்சைவிடப் பெரிய உதவி.

இப்படி ஒரு பள்ளிக்கு உதவ, உங்கள் பிள்ளை அங்கே படிக்கவேண்டும் என்றில்லை. ஒன்ராறியோச் சட்டப்படி, பெற்றோர் கூடிப் பள்ளிக் காரியங்களைப் பேசும் பாடசாலை மன்றம் ஒவ்வொன்றிலும் ஊரவர் பிரதிநிதி ஒருவராவது இருக்கவேண்டும். பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்கும் அங்கே கதிரை உண்டு. தொண்டு செய்யப் போகிறவர்கள் பொலிஸ் சான்று எடுக்கவேண்டும். பள்ளி தொடங்கி 30 நாளுக்குள் மன்றத்துக்குப் பெற்றோரைத் தெரிவு செய்வார்கள். ஆண்டுக்கு 4 கூட்டமாவது நடக்கும், யாரும் போயிருந்து கேட்கலாம். செப்ரெம்பரில் பள்ளி ஒபிசுக்கு ஒரு கோல் எடுத்துக் கூட்டத் திகதியைக் கேளுங்கள்.