நமுத்துப்போன குச்சி: வெல்டிங் படிக்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு

ஆனி, ஆடி மாதங்களில் லிந்துலையில் தீப்பெட்டி நமுத்துப்போகும். அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கிய விறகுகூட முழுதாகக் காயாது. அந்த ஈரம் வெல்டிங் குச்சியையும் விடுவதில்லை. பிரித்த பக்கெட் இரண்டு நாள் மேசையில் கிடந்தால் போதும், குச்சியின் மேல்பூச்சு காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதை எரித்தால் சடசடவெனப் பொரியும், ஒட்டுக்குள் ஊசித் துளைகள் விழும். 7018 என்ற வகைக் குச்சியானால் ஆபத்து இன்னும் பெரிது. நீரிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, இரும்பு ஆறிப் பல மணி நேரம் கழித்துக்கூட வெடிப்பை உண்டாக்கும். வெளியே பார்த்தால் ஒட்டு அழகாகவே இருக்கும்.

சந்தியில் கேட்டும் கிரிலும் செய்யும் வேர்க்ஷொப்பில் ஆறேழு வருடம் நின்று பழகிய பையனுக்கு இது தெரியாமலே போகலாம். அவன் கையில் குறையில்லை. அங்கே வருவதெல்லாம் 6013 குச்சிக்கான வேலை, அது ஈரத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். குச்சியில் அச்சிட்ட எண்ணை வாசிக்க யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். 7018 இல் 70 என்றால் ஒட்டிய உலோகம் சதுர அங்குலத்துக்கு 70,000 இறாத்தல் இழுவிசையையாவது தாங்கும். அடுத்த 1, எந்த நிலையிலும் வைத்து ஒட்டலாம் என்பதற்கு. கடைசி 8, ஹைட்ரஜன் குறைந்த பூச்சு என்பதற்கு. அதனால்தான் அந்தக் குச்சியை அதற்கான அடுப்பில் சுமார் 120 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்திருந்து, தேவைக்கு மட்டும் எடுக்க வேண்டும்.

“வெல்டிங்குக்குப் போய் என்ன படிப்பு, கராஜில நின்னா தானா வந்துரும்” என்று லயத்தில் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கை பழகுவது கராஜிலும் வரும், உண்மைதான். கண்ணுக்குத் தெரியாததைப் பற்றிய அறிவு அங்கே வருவதில்லை, வெல்டரின் கூலி உயர்வதோ அந்த அறிவால்தான்.

நம்மைச் சுற்றியே பாருங்கள். தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் தொட்டி, ரோலர், உலர்த்தும் இயந்திரம், சலிக்கும் இயந்திரம் எல்லாம் இரும்பு. தூள் படும் இடங்களில் துருப்பிடிக்காத எஃகு. அந்த எஃகைச் சுத்தமாக ஒட்ட, வாயுப் பாதுகாப்போடு செய்யும் டிக் வெல்டிங் தெரிய வேண்டும். தலவாக்கலையில் அணை கட்டி 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் நிலையம் 150 மெகாவாட் திறனுடையது. இப்படிப்பட்ட நிலையங்களில் அழுத்த நீரைச் சுமக்கும் எஃகுக் குழாயின் ஒட்டு விட்டுப்போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கேட் செய்பவரை அந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

இங்கேதான் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமை வருகிறது. அதில் 7 மட்டங்கள். வெல்டருக்கு முக்கியமானவை 3 உம் 4 உம். மூன்றாம் மட்டத்தில் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்யலாம், நான்காம் மட்டம் தனித்து நின்று செய்யும் முழுக் கைவினைஞருக்கானது. 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டம். அதற்கு 2008 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தொழில்நுட்பத் தொழிற்பல்கலைக்கழகம் இரத்மலானையில் இருக்கிறது. ஆகவே சாதாரண தரத்தில் வழுக்கிய பிள்ளைக்கும் பட்டம் வரை ஒரு பாதை உண்டு. இதைத் தோட்டப் பாடசாலைகளில் உரக்கச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் பள்ளியிலிருந்து இடைநின்ற பிள்ளைகளுக்காக சமுதாயக் கல்லூரிகள் தொடங்கின: 1995 இல் பாண்டிச்சேரியில், 1996 இல் சென்னையில். இங்கே அந்த வேலையை 1995 இல் அமைந்த தொழிற்பயிற்சி அதிகார சபை, தொழில் பயிலுநர்களுக்கான நைட்டா, தொழில்நுட்பக் கல்லூரிகள் ஆகியவை செய்கின்றன. நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த திருச்சிப் பக்கத்தில், இந்திய அரசின் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இயங்குகிறது. அங்கே ஒட்டு வேலை ஒரு விஞ்ஞானம்.

சேருமுன் பயிற்சி நிலையத்துக்கு நேரில் போங்கள். என்.வி.கியூ. எந்த மட்டம், பாடமும் மதிப்பீடும் தமிழில் நடக்குமா என்று கேளுங்கள். சிங்களம் புரியாமல் ஆறு மாதம் உட்கார்ந்து திரும்புவது பிள்ளையின் தவறல்ல. அதைவிடவும் முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு மாணவர் ஒரு நாளைக்கு எத்தனை குச்சி எரிக்கலாம்? ஒரு வெல்டிங் பிளாண்டைச் சுற்றி இருபது பேர் நின்று வேடிக்கை பார்த்தால் கை பழகாது. பின்பு பயிற்சி தட்டை நிலையில் தொடங்கி கிடை, நிலைக்குத்து, தலைக்கு மேல் என்று போக வேண்டும். 45 பாகை சாய்த்து அசையாமல் பொருத்திய குழாயைச் சுற்றி ஒட்டுவதுதான் 6ஜி. வளைகுடாவிலோ கப்பல் தளத்திலோ குழாய் வேலைக்குப் போகிறவரிடம் பெரும்பாலும் அதைத்தான் செய்து காட்டச் சொல்வார்கள். ஒட்டிய துண்டை அறுத்து வளைத்தும் பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் குறை அப்போது வாய் பிளக்கும்.

உடம்பைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. கண்ணாடியில்லாமல் ஒளியைப் பார்த்தவருக்கு அன்றிரவு கண்ணில் மணல் கொட்டியது போல எரியும். உருளைக்கிழங்கை வெட்டி வைத்துப் படுத்துவிடுவார்கள். கிழங்கு எரிச்சலைக் கொஞ்சம் குளிர்விக்கும், சுட்ட கண்ணைக் குணமாக்காது. நாகம் பூசிய குழாயை ஒட்டினால் வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், பால் குடித்தால் சரியாகும் என்பது வெறும் நம்பிக்கை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017 இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வரிசையில் சேர்த்தது. நனைந்த கையுறையோடு பிளாண்டைத் தொடுவது நம் ஊரின் மழைக்காலத்தில் உயிர் போகிற விஷயம். புகை இழுக்கும் விசிறி இல்லாத நிலையத்தில் நான் என் பிள்ளையைச் சேர்க்க மாட்டேன்.

ஏற்கனவே வேர்க்ஷொப்பில் நிற்கிற பையன் திரும்ப முதலாம் நாளிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அனுபவத்தால் கற்றதை மதிப்பிட்டு என்.வி.கியூ. கொடுக்கும் வழி இருக்கிறது. செய்த வேலைகளின் படங்கள், முதலாளியின் கடிதம் இவற்றோடு போய், மதிப்பீட்டாளர் முன்னால் ஒட்டிக் காட்ட வேண்டும். குறையும் பகுதியை மட்டும் படித்தால் போதும். இன்றைக்கே தொலைபேசியை எடுத்து, அடுத்து செய்யும் கேட்டிலிருந்து படம் பிடிக்கத் தொடங்கலாம்.