ரௌட்டர் வாங்கப் போகிறீர்களா?

மரவேலை பழகிய நம் இளைஞர்களுக்கு இப்போது ஓர் ஆசை வந்திருக்கிறது. எப்படியாவது ஒரு ரௌட்டர் வாங்கிவிட வேண்டும்! இணையத்துக்காக வீட்டில் விளக்கு மினுக்கிக் கொண்டிருக்கும் பெட்டியைச் சொல்லவில்லை. மரத்தில் காடி எடுக்கவும், குழி பறிக்கவும், ஓரத்தை உருட்டவும் உதவும் மின்கருவியைச் சொல்கிறேன். நம் பெரியவர்கள் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு அரைநாள் செய்த வேலையை இது அரைமணியில் முடித்துவிடும்.

ஆசை நல்லதுதான். செமினியைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தை விட்டுச் சொந்த வீட்டுக்கு வந்த குடும்பத்துக்குச் சமையலறை அலமாரி வேண்டும், சாமி மேடை வேண்டும், பிள்ளை படிக்க மேசை வேண்டும். ஆள் வைத்துச் செய்தால் கூலி கையைக் கடிக்கிறது. வீட்டில் ஒருவருக்கு வேலை தெரிந்தால் அந்தப் பணம் மிச்சம். அக்கம்பக்கத்தாருக்குச் செய்து கொடுத்தால் வரும்படியும் உண்டு. ஆனால் கருவியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பாடுபட்ட காசு மூலையில் கிடக்கும். தவறாகப் பிடித்தாலோ விரலே போய்விடும். ஆகவே, கடைக்குப் போகுமுன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

முதலில் மரத்தைப் பாருங்கள்

"எந்தக் கருவி பெரியது?" என்று கேட்காதீர்கள். "நான் எந்த மரத்தில், என்ன வேலை செய்யப் போகிறேன்?" என்று கேளுங்கள்.

நமக்கு மிகவும் பழக்கமான மரம் பால்மரம். இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை முன்பு விறகாகத்தான் எரித்தோம். ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகைக்கூடத்திலும் அந்த விறகுதான் எரிந்தது. 1980-களிலிருந்து கதை மாறியது. இன்று மலேசியா வெளிநாடுகளுக்கு அனுப்பும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி பால்மரத்தில் செய்தவை. ஜொகூர் மாநிலத்து மூவார் நகரம் அத்தொழிலுக்குப் பெயர் போனது.

பால்மரப் பலகை வெளிர்நிறம், நடுத்தரக் கனம். உலர்ந்த நிலையில் ஒரு கன மீட்டர் 560 முதல் 640 கிலோ வரை இருக்கும். வெட்டுவதும் இழைப்பதும் சுலபம். ஒரு குறை உண்டு. மரத்தில் மாவுச்சத்து அதிகம். அதனால் பூச்சியும் நீலப்பூசணமும் சீக்கிரம் பிடிக்கும். அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகையைத்தான் வாங்க வேண்டும். அந்த மருந்தும் ஈரம் பட்டால் கரைந்து வெளியேறிவிடும். எனவே பால்மரம் வீட்டுக்குள் மட்டுமே. குளியலறைக் கதவுக்கும் வேண்டாம், படகுக்கும் வேண்டாம்.

சின்னதா, பெரியதா?

ரௌட்டரில் இரண்டு வகையை அறிந்திருந்தால் போதும்.

ஒன்று, கடைக்காரர்கள் டிரிம்மர் என்று சொல்லும் சிறியது. சுமார் ஒன்றரைக் கிலோ எடை, 500 முதல் 700 வாட் சக்தி, நிமிடத்துக்கு ஏறக்குறைய 30,000 சுற்று. ஒரு கையில் அடங்கும். ஓரம் உருட்ட, போர்மைக்கா தகட்டை ஒட்டி வெட்ட, கீல் பதிக்கும் இடத்தைக் கொத்த, சிறு காடி எடுக்க இது போதும்.

மற்றொன்று, இரு கைப்பிடிகளோடு மேலிருந்து அழுத்தி இறக்கும் பெரியது. 1,500 வாட்டுக்கு மேல் சக்தி, ஐந்தாறு கிலோ எடை. கதவுச் சட்டத்தில் கழுந்துக்குக் குழி பறிக்க, பூட்டுக்கு ஆழமாகக் கொத்த, கெட்டி மரத்தில் அகலக் காடி எடுக்க இதுதான் வேண்டும்.

அலமாரியும் மேசையும் செய்யப் போகும் வீட்டுக்கு முதற்கருவி சிறியதே. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். மிச்சப்படும் பணத்தை நல்ல வெட்டுமுனைகளுக்குச் செலவிடுங்கள். நேர்முனை ஒன்று, ஓரம் உருட்டும் முனை ஒன்று, உருளை பொருத்திய ஒட்டுவெட்டு முனை ஒன்று. தொடக்கத்துக்கு இந்த மூன்று போதும். கார்பைட் நுனி வைத்தவையாக இருக்கட்டும். மழுங்கிய முனை மரத்தைக் கருக்கும், கருவியையும் சூடாக்கும்.

பிடிவாயில் ஏமாறாதீர்கள்

வெட்டுமுனையின் தண்டைக் கவ்வும் பிடிவாயைக் கொலெட் என்பார்கள். கடைகளில் 6 மில்லிமீட்டர் தண்டும் கால் அங்குலத் தண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். கால் அங்குலப் பிடிவாயில் 6 மில்லிமீட்டர் தண்டைச் செருகினால், ஓடும்போது முனை நழுவி வெளியே பாயலாம். 12 மில்லிமீட்டருக்கும் அரை அங்குலத்துக்கும் இதே கதைதான். கருவி எந்த அளவோ, முனையும் அதே அளவில் இருக்க வேண்டும்.

கருவியில் சிரிம் முத்திரை இருக்கிறதா, பழுதுபார்க்கும் கடை அருகில் உண்டா, கார்பன் பிரஷ் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். பழைய கருவியானால் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிடிவாயைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வாங்காதீர்கள்.

படகு வேலைக்கு

கிள்ளான் கரையோர வாசகர்கள் சிலரிடம் மீன்பிடிப் படகும் இருக்கலாம். திரெங்கானுவில் டூயோங் தீவுத் தச்சர்கள் செங்ஙால் மரத்தில் படகு கட்டிப் புகழ் பெற்றவர்கள். வரைபடம் இல்லாமல், முதலில் பலகைகளை மர ஆணிகளால் இணைத்து, இடையில் கெலாம் மரப்பட்டையை வைத்து, பிறகே விலாச் சட்டங்களைப் பொருத்துவார்கள். அந்த வேலைக்கு ரௌட்டர் தேவைப்படவில்லை. கண்ணும் கையும்தான் அளவுகோல்.

நாம் செய்யக்கூடியது சிறு பணிகள்: மூடிப் பலகை, பெட்டி, கைப்பிடிக் கட்டை. அவற்றின் கூரிய ஓரங்களை உருட்டிவிடுங்கள். கூரான முனையில் சாயம் மெல்லியதாகப் படிந்து முதலில் உரியும். அங்கேதான் தண்ணீர் புகும். செங்ஙால் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல். ஒரே இழுப்பில் ஆழமாக வெட்டாமல், இரண்டு மூன்று மில்லிமீட்டராகப் பலமுறை வெட்டுங்கள். தண்ணீர் ஓரத்தில் வீட்டு மின்சாரத்தை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பேட்டரியில் ஓடும் டிரிம்மர் அங்கே உயிர்காக்கும்.

விரல் பத்திரம்

50 மில்லிமீட்டர் அகல முனை 24,000 சுற்றில் ஓடினால், அதன் விளிம்பு மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்கிறது! ஆகவே அகல முனையைப் பெரிய கருவியில், வேகத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். டிரிம்மரில் மாட்டவே கூடாது.

முனை மாற்றுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். தண்டை முழுக்க உள்ளே விட்டு, இரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்து இறுக்குங்கள். பலகையைக் கையால் பிடிக்காமல் இடுக்கியால் மேசையோடு இறுக்குங்கள். வெளி ஓரத்தைச் சுற்றி வெட்டும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகர்த்துங்கள். சட்டத்தின் உள் ஓரத்தில் முள் செல்லும் திசையில் போங்கள். மாற்றிப் போனால் கருவி கையை மீறி ஓடும்.

கையுறை வேண்டாம், சுழலும் முனை அதைச் சுற்றி இழுத்துவிடும். துப்பட்டா, தொங்கும் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் அருகில் வரக்கூடாது. கண்ணாடி, காதடைப்பு, முகக்கவசம் மூன்றும் அவசியம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இல் மரத்தூளைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. எனவே வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

கூட்டாக வாங்கலாமே!

பெரிய ரௌட்டர் தினமும் தேவைப்படாது. ஐந்து குடும்பங்கள் பணம் போட்டு ஒன்று வாங்கினால் என்ன? 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நம் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியில் தோட்டங்களையே வாங்கினார்களே! ஒரு கருவியை வாங்க முடியாதா? யாரிடம் இருக்கும், பழுதானால் யார் செலவு, யார் கையாளலாம் என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழகாதவர் தொடக்கூடாது என்பது முதல் விதியாக இருக்கட்டும். பழக விரும்புவோர் அரசாங்கச் சமூகக் கல்லூரிகளில் குறுகியகாலப் பயிற்சி உண்டா என்று விசாரிக்கலாம்.

பால்மரத்தைச் சீவிச் சீவி நம் பெற்றோர் பிறர் வீட்டைச் செழிக்க வைத்தார்கள். அதே மரத்தின் பலகையில் நம் பிள்ளை படிக்கும் மேசையை நம் கையாலேயே செய்வோம். கருவி சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. பத்து விரலும் பத்திரமாக இருக்கட்டும்.