பால் பவுடர், ஒரு கிழங்கு, ஒரு கறுப்புக் கோடு

கையுறை மாட்டிக்கொண்டீர்களா? வாருங்கள், வாருங்கள்! ஃப்ரீசருக்குள் அந்தக் குட்டிக் குப்பியைப் பாருங்கள். உள்ளே 100 மைக்ரோலிட்டர் திரவம், அதாவது இரண்டு சொட்டு. ஏ.பி.சி.ஏ.1 என்ற ஒரே ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி அது. அந்தப் புரதத்தின் ஒரு துண்டை முயலுக்கு ஊசி போட்டால், முயலின் நோய் எதிர்ப்பு மண்டலமே இதைத் தயாரித்துக் கொடுத்துவிடும்.

யார் இந்த ஏ.பி.சி.ஏ.1? 2,261 அமினோ அமிலங்கள் கொண்ட பூதம்! துணியில் ஓடும் தையல்போலச் செல்லின் சவ்வை 12 முறை ஊடுருவி நிற்கிறது. செல்லில் மிஞ்சும் கொலஸ்ட்ராலை வெளியே தள்ளி, அங்கே காத்திருக்கும் ஏபோ ஏ1 என்ற புரதத்திடம் ஒப்படைப்பது இதன் வேலை. நாம் ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்கிறோமே, அந்த எச்.டி.எல். பிறப்பது இப்படித்தான்.

இது வேலை செய்யாவிட்டால்? அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவிலுள்ள டாஞ்சியர் தீவுச் சிறுவன் ஒருவனுக்கு டான்சில்கள் ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தன. உள்ளே முழுக்கக் கொலஸ்ட்ரால்! அவனுடைய அக்காவுக்கும் அதே நிலை; ரத்தத்தில் எச்.டி.எல். ஏறக்குறைய இல்லவே இல்லை. டொனால்ட் ஃப்ரெட்ரிக்சனும் சக மருத்துவர்களும் 1961இல் இதை விவரித்தார்கள். பழுதான மரபணு எதுவென்று தெரிய 1999 ஆனது. அந்த ஆண்டு மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் ஏ.பி.சி.ஏ.1-ஐச் சுட்டிக்காட்டின.

சரி, குப்பியிலுள்ள ஆன்டிபாடி இந்தப் புரதத்தைத்தான் பிடிக்கிறதா? பார்க்க, இப்போது சோதனை மேசை. செல்களை ஐஸில் வைத்தே உடைக்கிறார்கள், ஏனென்றால் இந்தப் பூதத்துக்கு ஆயுள் குறைவு. ஏபோ ஏ1 பக்கத்தில் இல்லாவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் பாதி சிதைந்துவிடும். அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த ரகசியம்: மற்ற புரதங்களைப்போல இதைக் கொதிக்க வைக்கவே கூடாது! கொதித்தால் சவ்வுக்குள் இருந்த எண்ணெய்ப்பசைப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்றுவிடும். ஆராய்ச்சிக்கு வந்த புதிதில் எத்தனையோ மாணவர்கள் வெற்றுப் படத்தைப் பார்த்துக் கலங்குவது இதனால்தான். பாவம், ஆன்டிபாடிக்குக் கெட்ட பெயர்!

ஜெல்லில் ஓடி முடித்த புரதங்களை மெல்லிய தாளுக்கு மாற்றுகிறார்கள். இவ்வளவு பெரிய புரதம் சீக்கிரம் நகராது, அதனால் குளிர் அறையில் இரவு முழுக்க விடுவதும் உண்டு. பிறகு தாளைப் பாலில் நனைக்கிறார்கள். ஆமாம், கொழுப்பு நீக்கிய சாதாரண பால் பவுடர்தான்! காலி இடங்களைப் பால் புரதம் மூடிவிட்டால் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாது. இப்போது நம் குப்பியின் ஆன்டிபாடியை ஊற்றுகிறார்கள். அடுத்து, முயலின் ஆன்டிபாடியையே அடையாளம் காணும் இரண்டாவது ஆன்டிபாடி. அதன் முதுகில் ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான கிழங்கின் நொதி. லூமினால் கரைசலை ஊற்றியதும் அந்த நொதி ஒளியைக் கிளப்பும்!

கேமரா பெட்டியை மூடுங்கள். திரையில்… வந்துவிட்டது! புரத எடையைக் காட்டும் அளவுகோலில் 250 என்ற குறியை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. முதல் வரிசையில் மேக்ரோஃபேஜ் என்ற சாதாரண நோய் எதிர்ப்புச் செல்கள், கோடு மங்கல். இரண்டாவதில், இந்தப் புரதத்தைக் கூட்டும் டி0901317 என்ற வேதிப்பொருளைக் கொடுத்த செல்கள், கோடு கன்னங்கரேல். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை, அங்கேதான் எல்லோரும் கைதட்டுகிறார்கள்! அந்தச் செல்களில் ஏ.பி.சி.ஏ.1 மரபணுவை முன்கூட்டியே முடக்கிவிட்டார்கள். அங்கேயும் கோடு விழுந்திருந்தால் ஆன்டிபாடி வேறு எதையோ பிடிக்கிறது என்று அர்த்தம். எத்தனை அழகான படம் வந்தாலும், இந்த மூன்றாவது வரிசையைக் காட்டாத ஆன்டிபாடியை நான் நம்பமாட்டேன்.

அடுத்து மைக்ராஸ்கோப் அறை! இந்த ஆன்டிபாடி பிடிப்பது செல்லுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வால் பகுதியை. ஆகவே முதலில் சவ்வில் துளை போட வேண்டும். சோப்புப் போன்ற அந்தக் கரைசல் அதோ, இரண்டாவது அலமாரியில். எடுங்கள், போகலாம்!