சயான் வழக்கும் நமது இல்லங்களும்

டோம்பிவிலியிலிருந்து நாள்தோறும் நகருக்கு வண்டியேறும் நம்மவர் பலர் சயான் ஸ்டேஷனைக் கடந்தே செல்கின்றனர். அங்குள்ள மாநகராட்சி ஆஸ்பத்திரியின் பெயர் 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் நாடெங்கும் பேசப்பட்டது. பலாத்காரத்துக்கு ஆளாகிக் கருவுற்ற 14 வயதுச் சிறுமியொருத்தியின் வழக்கே அதற்குக் காரணம். கருக்கலைப்புக்குப் பம்பாய் ஹைகோர்ட்டு இசையவில்லை. ஏப்ரல் 22இல் சுப்ரீம் கோர்ட்டு அனுமதி தந்தது. கருவோ ஏறத்தாழ 30 வாரத்தை எட்டியிருந்தது. பின்னர் மகளின் உடல்நிலையை எண்ணிப் பெற்றோர் அஞ்சவே, 29ஆம் தேதி நீதிபதிகள் அவ்வுத்தரவைத் திரும்பப் பெற்றனர். சிகிச்சை, பிரசவச் செலவுகளை ஆஸ்பத்திரியே ஏற்க வேண்டும் என்றும், கருவுற்றவளின் விருப்பம், அவள் சிறுமியேயாயினும், மதிக்கப்பட வேண்டும் என்றும் கூறினர்.

இவ்விஷயத்தில் வாரக்கணக்கே பிரதானம். 1971ஆம் ஆண்டுச் சட்டமும் 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் கூறுவதாவது: 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும், சிறுமியருக்கு 24 வாரம் வரை இருவர் கருத்து வேண்டும். பாதுகாவலரின் எழுத்துச் சம்மதமும் அவசியம். அதற்கு மேற்பட்டால் பெரும்பாலும் கோர்ட்டு வாசல்தான். நம்மவரோ, அயலார் அறியாதிருக்க வேண்டுமென்று பெண்ணை ஊருக்கு ரயிலேற்றி அனுப்புகின்றனர். டிக்கெட்டுக்கும் யோசனைக்குமாகச் சில வாரங்கள் கழிந்துவிடுகின்றன!

பெயர் வெளிவந்துவிடுமே என்ற அச்சம் இயல்பே. 18 வயது நிரம்பாதவர் கருவுற்றால் 2012ஆம் ஆண்டு போக்ஸோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். எனினும் கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் வேண்டினால், அவள் பெயரை அத்தகவலில் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துள்ளது. இதனை டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அவசரமாகத் தாலி கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது வீண் எண்ணம். 18 வயதுக்குட்பட்ட மனைவியுடன் கூடுவதும் குற்றமே என 2017இல் தீர்ப்பாகியுள்ளது.

குழந்தை பிறந்துவிட்டால்? எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பள்ளியும் மாணவியை வெளியேற்றலாகாது என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம். வளர்க்க இயலாதெனில் குழந்தை நலக் குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் மீட்டுக்கொள்ள இரண்டு மாத அவகாசம் உண்டு. தானே வளர்ப்பதாயின், மணமாகாத தாய் தகப்பன் பெயரின்றியே பிறப்புச் சான்றிதழ் பெறலாம் என்று 2015இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியுள்ளது. ஒரு பிரமாணப் பத்திரம் போதும். எங்கு தொடங்குவதென்று தெரியாத வீட்டார் 1098 என்ற எண்ணுக்கு இலவசமாக, இரவு பகல் எந்நேரமும் டெலிபோன் செய்யலாம்.