பயிர் வேறு, வரத்து வேறு

பல ஆண்டுகளுக்கு முன் ஆனேக்கல் பக்கத்துத் தரகர் ஒருவர் உத்தனப்பள்ளியில் உள்ள நமது மண்டிக்குத் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னார். நாம் வெளியே சென்றிருந்தபடியால், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த கணக்குப் பையன் கேட்டுக்கொண்டு, "ராகி விலை நன்றாக இருக்கிறதாம்" என்று துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தான். பையன் சேலத்துக்காரன், கன்னடம் புதிது. தரகர் சொன்னது "பெளெ சென்னாகிதே". பையன் காதில் விழுந்தது "பெலெ". கன்னடத்தில் பெளெ என்றால் விளைச்சல், பெலெ என்றால் விலை. நம் விளையும் விலையும்தான் அங்கே அப்படி ஆகியிருக்கின்றன. (பேளெ என்று நீட்டினால் பருப்பு. அது தனிக் கூத்து.) விளைச்சல் நன்றாக இருந்தால் விலை இறங்கப் போகிறது என்று பொருள். சீட்டில் இருந்ததோ அதற்கு நேர் எதிர். நல்லவேளையாக மாலையில் நாமே திரும்ப அழைத்துக் கேட்டுவிட்டோம்.

எல்லைப் பகுதி வியாபாரிகளாகிய நமக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பழக்கம். ஆகவே அந்தக் குழப்பம் அன்றோடு தீர்ந்தது. தீராத குழப்பம் ஆங்கிலச் சொற்களால் வருவது. பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்திலும், இப்போது அலைபேசியில் வரும் சந்தைச் செய்திகளிலும், "கிராப்", "ஹார்வெஸ்ட்", "ஈல்டு", "புரொடக்‌ஷன்", "அரைவல்" என்று ஐந்து சொற்கள் மாறி மாறி வருகின்றன. தமிழில் பெயர்ப்பவர்கள் பெரும்பாலும் அறுவடை, மகசூல் என்ற இரண்டே சொற்களில் ஐந்தையும் அடைத்துவிடுகிறார்கள். கொள்முதல் செய்கிறவனுக்கு இந்த ஐந்தும் ஐந்து வெவ்வேறு நாட்கள்.

"கிராப்" என்பது முதலில் நிலத்தில் நிற்கும் பயிர். ஆனால் வீட்டுக்கு வந்து சேர்ந்த மொத்த விளைச்சலையும் அதே சொல்லால் குறிப்பார்கள். நாம் ஏமாந்தது இந்த இடத்தில்தான். 1990-களில் ஒரு வருடம் கார்த்திகையில், ராகி "கிராப்" மிக நன்று என்று ஆங்கிலப் பத்திரிகையில் படித்துவிட்டு, கையில் இருந்த இருநூறு மூட்டைப் பழைய ராகியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். செய்தி பொய்யல்ல. வயலில் நின்ற பயிர் நன்றாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்து, அறுத்துப் போட்ட கதிரின் மேல் விடாமல் மழை பெய்தது. கதிர் முளைத்தது, தானியம் கறுத்தது. தை மாதம் நல்ல ராகி கேட்டு வந்த வாடிக்கையாளர்களுக்கு, நாம் விற்ற சரக்கையே கூடுதல் விலை கொடுத்து வேறு மண்டியிலிருந்து வாங்கித் தந்தோம்.

"ஹார்வெஸ்ட்" என்ற சொல்லுக்கு ஒரு பழங்கதை உண்டு. முற்காலத்து ஆங்கிலத்தில் அது இலையுதிர் காலத்தின் பெயர். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல்லான "ஹெர்ப்ஸ்ட்" இன்றும் அந்தப் பருவத்தைத்தான் குறிக்கிறது. நாம் அன்றாடம் கேட்கும் காரீப், ரபி என்பவையும் அப்படியே. அரபு மொழியில் காரீப் இலையுதிர் காலம், ரபி வசந்த காலம். விதைக்கும் காலத்தை வைத்தல்ல, விளைந்து வரும் காலத்தை வைத்தே அந்தப் பெயர்கள் வந்தன.

நம் ஊர்ப் பேச்சில் எல்லாவற்றுக்கும் அறுவடை என்ற ஒரே சொல் கிடையாது. ராகியை அறுக்கிறோம், கடலைக்காயைப் பிடுங்குகிறோம், உருளைக்கிழங்கைத் தோண்டுகிறோம், தக்காளியையும் மாங்காயையும் பறிக்கிறோம், புளியை உலுக்குகிறோம். ஆங்கிலத்திலும் தனிச் சொற்கள் இல்லாமல் இல்லை. செய்தி எழுதுபவர்கள்தான் எல்லாவற்றுக்கும் "ஹார்வெஸ்ட்" போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்து நாமும் "மாம்பழ அறுவடை" என்று எழுதத் தொடங்கிவிட்டோம். இது வெறும் தமிழ்ப் பற்றுக்காகச் சொல்வதல்ல. சரக்கு கடைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பது அந்த வினைச்சொல்லிலேயே இருக்கிறது. பறித்தது அன்றிரவே வண்டி ஏறும். பிடுங்கியது காய வேண்டும். உலுக்கிய புளி ஓடு உடைத்து, கொட்டை எடுத்து வர நாளாகும். அறுத்த ராகியோ போராக அடுக்கி வைக்கப்பட்டு, வாரக்கணக்கில் கழித்துத்தான் களத்துக்கு வரும். (களம் என்றா சொன்னோம்? இப்போது பாதிக் களம் தார்ச்சாலைதான்.) ஆகவே "ராகி அறுவடை முடிந்தது" என்ற செய்தியைப் பார்த்து மறுநாளே வரத்தை எதிர்பார்ப்பது வீண்.

அடித்துத் தூற்றிய பிறகும் உடனே வரும் என்பதில்லை. ராகி நன்றாகக் காய்ந்திருந்தால் வருடக்கணக்கில் கெடாது. அந்தக் காலத்தில் தரைக்கடியில் குழி வெட்டிச் சேமித்தார்கள். விலை பிடிக்காவிட்டால் குடியானவர் இன்றும் வீட்டிலேயே வைத்துக்கொள்வார். "புரொடக்‌ஷன்" எவ்வளவு உயர்ந்தாலும் "அரைவல்", அதாவது நாம் சொல்லும் வரத்து, உயராமல் இருப்பது இதனால்தான். கன்னடச் சந்தைப் பட்டியலில் "ஆவக" என்று போட்டிருப்பது இந்த வரத்தைத்தான்; விளைச்சலை அல்ல.

"ஈல்டு" என்பது மொத்த விளைச்சல் அல்ல, இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. மாதிரி வயல்களில் பொதுவாக 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து, அறுத்து, நிறுத்து, அதிலிருந்து ஹெக்டேருக்குக் கணக்கிடுகிறார்கள். நமக்குப் பழக்கம் ஏக்கர். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஹெக்டேருக்கு 3 டன் என்று படித்தால், ஏக்கருக்குச் சுமார் 12 குவிண்டால் என்று கொள்ள வேண்டும். அரிசி ஆலைக்காரர் "ஈல்டு" என்றால் அது வேறு. 100 கிலோ நெல்லுக்கு எத்தனை கிலோ அரிசி காணும் என்பது அவர் கணக்கு. அரசுக் கொள்முதலில் பச்சரிசிக்கு 67 கிலோ, புழுங்கலரிசிக்கு 68 கிலோ என்று வைத்திருக்கிறார்கள். நிலத்தின் ஈல்டு கூடி, ஆலையின் ஈல்டு குறையும் வருடமும் உண்டு.

"பம்பர் கிராப்" என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பம்பர் என்றால் நமக்கு லாரியின் முன்புற இரும்பும், 2003-ல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட லாட்டரிச் சீட்டும்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அது விளிம்பு வரை நிரம்பிய கோப்பையின் பெயர்.

ஆண்டுக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. பயிர் ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை. நமது கிராமக் கணக்கில் உள்ள பசலியும் அதே. 2025 ஜூலை 1-ல் தொடங்கியது 1435-ஆம் பசலி. சர்க்கரைக்கு அக்டோபர் முதல் செப்டம்பர் வரை. ஆதரவு விலையோ விற்பனைப் பருவத்தின் பெயரில் அறிவிக்கப்படுகிறது. 2025-26 பருவத்துக்கு ராகிக்குக் குவிண்டால் 4,886 ரூபாய் என்றால், அது 2025-26 பயிர் ஆண்டின் ராகிதான். ஆனால் 2025-26 பருவத்தில் கோதுமைக்கு அறிவித்த 2,425 ரூபாய், 2024-25 பயிர் ஆண்டின் கோதுமைக்கு. பட்டியலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆண்டு ஒன்று போலத் தெரியும்.

இவற்றுக்கெல்லாம் அடங்காதது நமது இராயக்கோட்டைத் தக்காளி. அதற்கு ஒரு நாள் அறுவடை கிடையாது. சில நாட்களுக்கு ஒரு முறை பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். விலை அடிமட்டத்துக்குப் போகும்போது பறிகூலியும் வண்டி வாடகையும் கட்டாது என்று தோட்டத்திலேயே விட்டுவிடுவார்கள். அப்போது பயிர் இருக்கும், விளைச்சல் இருக்கும், பறிப்பு இருக்காது. வரத்துப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் சரக்கு அற்றுவிட்டது என்று எண்ணி, கூடுதல் விலைக்குப் பேசி முன்பணம் கொடுப்பார். விலை சற்று ஏறியதும் அதே தோட்டத்திலிருந்து மறுநாள் காலையே பெட்டி பெட்டியாக வந்து இறங்கும்.