தளராத வேகம்

தலையில் சாக்லேட் பால் தம்ளர், வாயில் நீரில் மூச்சுவிட உதவும் குழாய். அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி 2020இல் இப்படி ஒரு குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஃப்ரீஸ்டைல் நீந்திக் காட்டினார். கைகள் மாறி மாறிச் சுழன்றன, தோள்கள் இருபுறமும் உருண்டன. தலை அசையவில்லை, தம்ளரும் கவிழவில்லை. விளையாட்டாகச் செய்ததுதான் என்றாலும், அவருடைய வெற்றிகளின் அடிப்படை அதில் துலக்கமாகத் தெரிந்தது.

நீர், காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. தலையைச் சற்றுத் தூக்கினாலே இடுப்பும் கால்களும் தாழ்ந்துவிடும். நீரில் மோதும் பரப்பு கூடும், எதிர்ப்பும் கூடும். வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதைத் தாண்டிச் செல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகும். இந்தக் கணக்கின்படி, வேகத்தை 5 சதவீதம் கூட்டவே உடல் சுமார் 16 சதவீதம் அதிகம் உழைக்க வேண்டும். ஆகவே, நெடுந்தூரப் போட்டியில் முதலில் பாய்ந்துவிட்டுப் பிறகு தளர்பவருக்கு நஷ்டமே மிஞ்சும். உடலை மட்டமாக வைத்து, ஒரே சீராக நீந்துபவரே முந்துவார்.

அந்தச் சீர் லெடெக்கிக்கு வாய்த்திருக்கிறது. 1997இல் வாஷிங்டனில் பிறந்த அவர், 15 வயதில் லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வென்றார். 2016இல் ரியோவில் அதே தூரத்தை 8 நிமிடம் 4.79 விநாடியில் கடந்து உலகச் சாதனை படைத்தார். ஐம்பது மீட்டர் குளத்தில் 16 நீளம். ஒரு நீளத்துக்குச் சராசரியாக 30.3 விநாடி. இரண்டாவதாக வந்தவர் சுவரைத் தொட இன்னும் 11 விநாடிக்கு மேல் ஆனது.

ஆண்களுக்கான 1500 மீட்டர் 1908 முதலே ஒலிம்பிக்கில் உண்டு. பெண்களுக்கு அந்த வாய்ப்பு டோக்கியோவில்தான் கிடைத்தது. நூறாண்டுக்கும் மேல் நீடித்த அநீதி அது. அங்கு முதல் தங்கத்தை வென்றவர் லெடெக்கி. பாரிஸிலும் அதைத் தக்கவைத்துக்கொண்டார். 800 மீட்டரில் தொடர்ந்து நான்காவது தங்கமும் பெற்றார். இப்போது அவரிடம் 9 ஒலிம்பிக் தங்கங்கள் உள்ளன.

இவ்வளவு வென்றவருக்கு ஓர் உடல்நலச் சவாலும் உண்டு. எழுந்து நின்றாலே இதயத் துடிப்பு எகிறி, தலைசுற்றலும் சோர்வும் தரும் ஒரு கோளாறு தனக்கு இருப்பதை 2024இல் வெளியான தன்வரலாற்றில் அவர் வெளிப்படுத்தினார். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு உடலைக் கிடைமட்டமாக வைத்துச் செய்யும் பயிற்சிகளை மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. நீச்சல் அவற்றில் ஒன்று.

2025 மே மாதம், 28 வயதில், தன் ரியோ சாதனையைத் தானே முறியடித்தார்: 8 நிமிடம் 4.12 விநாடி. ஒன்பது ஆண்டு உழைப்பில் கிடைத்த லாபம் 0.67 விநாடி. மனித உடலின் எல்லைக்கு மிக அருகில் நீந்துபவருக்கு, அந்த ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் மகத்தான முன்னேற்றம்.