சாவி கைக்கு வருமுன் செலவைக் கணக்கிடுங்கள்



ஊரைவிட்டு வந்து மும்பையிலோ பெங்களூரிலோ வாடகை வீட்டில் வாழும் நம் குடும்பங்களில், பிள்ளை முதற்சம்பளம் வாங்கியவுடன் ஒரு கேள்வி எழும்புகிறது. "அப்பா, ஒரு பழைய கார் வாங்கலாமா? தவணையை நானே கட்டிவிடுகிறேன்." இந்த விருப்பம் தவறானதல்ல. கொட்டும் மழையில் வயதான பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆயினும், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் போதித்தது காருக்கும் பொருந்தும். சற்று உட்கார்ந்து பார்ப்போமா?

முதலாவது, வயது. 18 வயது நிறையாதவர் செய்யும் கடன் ஒப்பந்தம் நம் நாட்டுச் சட்டத்தின்படி செல்லாது. கார் ஓட்டும் உரிமமும் 18 வயதிலேதான் கிடைக்கும். சிறுவனிடம் சாவியைக் கொடுத்து அவன் குற்றம் புரிந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளை 25 வயது வரை பழகுநர் உரிமமும் பெறமுடியாது.

இரண்டாவது, வட்டி. "12 சதவீதம்தான்" என்று தரகர் சொன்னால், எந்த 12 என்று கேளுங்கள். 2,00,000 ரூபாயை 3 ஆண்டுத் தவணையில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். குறைந்துவரும் பாக்கிக்கு 12 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 6,643 ரூபாய். மொத்த வட்டி சுமார் 39,000. ஆனால் முழுத்தொகைக்கும் கடைசிவரை கணக்கிடும் 'ஃபிளாட்' வட்டி என்றால் தவணை 7,556 ரூபாய். மொத்த வட்டி 72,000. அப்படியானால் உண்மை வட்டி ஏறக்குறைய 21 சதவீதம்! சொல் ஒன்று, சுமை வேறு. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கும் இத்தகைய கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டிவீதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கொடுக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அதைக் கேட்டு வாங்கி, வாசித்த பின்பே கையெழுத்திடுங்கள்.

மூன்றாவது, மாதச் செலவு. 19 வயது மகனின் சம்பளம் 18,000 ரூபாய் என்போம். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் வீதம் 26 நாள் ஓட்டினால் 780 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 52 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 5,200 ரூபாய். தவணை 7,556-ஐயும் கூட்டினால் 12,756. மீதி 5,244 ரூபாயில் காப்பீடு, பழுதுபார்ப்பு, வண்டி நிறுத்தும் வாடகை, பிறகுதான் வீட்டுச் செலவு. தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்ன மிஞ்சும்?

நான்காவது, பிணை. பல வங்கிகள் 21 வயது நிறைந்தவருக்கே வாகனக் கடன் தருகின்றன. ஆகவே தகப்பன் கையெழுத்திட நேரிடுகிறது. "பெயருக்குத்தான் கையெழுத்து" என்பது பொய். கடன்பட்டவருக்குள்ள அதே பொறுப்பு பிணையாளருக்கும் உண்டென்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரத்தின் எச்சரிப்பும் இதுவே. கார் தகப்பன் பெயரில் பதிவானால், விபத்தின் இழப்பீட்டுப் பொறுப்பும் அவரைத் தேடிவரும்.

ஐந்தாவது, காகிதங்கள். ஆர்.சி. புத்தகத்தில் முந்தைய கடன் கொடுத்தவரின் பெயர் இருக்கிறதா? இருந்தால் அவருடைய தடையில்லாச் சான்றும் 35-ஆம் படிவமும் இல்லாமல் முழுப்பணத்தையும் கொடாதீர்கள். பெயர் மாற்றத்திற்கு 29, 30-ஆம் படிவங்கள் தேவை. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திற்குத் தெரிவிக்கவேண்டும். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். கட்டாத அபராதங்கள் உண்டா என்றும் பாருங்கள். உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

அன்பான தம்பியே, தங்கையே, ஒரு சோதனை சொல்லட்டுமா? இன்றே கார் வாங்கியதாக எண்ணிக்கொள். மாதந்தோறும் அந்த 12,756 ரூபாயைத் தனிக்கணக்கில் போடு. ஆறு மாதத்தில் 76,536 ரூபாய் சேரும். சேர்ந்தால், அதுவே உன் முன்பணம், கடனும் குறையும். மூன்றாம் மாதமே எடுத்துச் செலவழிக்க நேர்ந்தால், உன் வீட்டிற்கு இந்தக் கார் இப்போது வேண்டாம் என்பதைக் கடன்படாமலே அறிந்துகொண்டாய்.

பெற்றோரே, "கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதிருங்கள். இன்றிரவு உணவுக்குப்பின் ஒரு தாளும் பேனாவும் எடுத்துப் பிள்ளையோடு உட்காருங்கள். குடும்பத்தின் வரவையும் கடனையும் மறைக்காமல் சொல்லுங்கள். கணக்கைத் தானே போட்டுப் பார்த்த பிள்ளை, காத்திருக்கவும் கற்றுக்கொள்ளும்.